உயரம் 155 செ.மீ., பட்ஜெட் 35,000: முதல் டிரையத்லானுக்கு எந்த சைக்கிள் வாங்கலாம்?

திருநகர்_டீச்சர்:
வணக்கம். சைக்கிள் விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம், இப்ப குடியிருப்பு மதுரை திருநகர். வயசு 38. கெணத்துல குதிச்சு நீச்சல் பழகின ஆளு. இப்ப ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளத்துல நிக்காம 750 மீட்டர் போயிடுறேன். 5 கிலோமீட்டர் ஓட்டமும் பழக்கந்தான். தை மாசம் கடற்கரையில நடக்கிற ஒரு ஸ்பிரிண்ட் போட்டிக்குப் பேர் குடுத்துட்டேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நடுவுல இருக்கிற சைக்கிள்தான் இடிக்குது. கையில இருக்கிறது ஸ்கூலுக்குப் போற கூடை வச்ச லேடிபேர்டு.

ஹெல்மெட், பம்பு எல்லாம் சேர்த்து 35,000 வரைக்கும் போகலாம். கண்ணுல மூணு இருக்கு. டவுன்ல ஒரு கடையில புது கியர் சைக்கிள், 21 கியர், முன்னால சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், 16,500 சொல்றாங்க. ரெண்டாவது, டெகத்லான் டிரைபன் மாதிரி ஆரம்ப நிலை ரோட் பைக், அதாவது ஒல்லி டயரும் வளைஞ்ச ஹேண்டிலும் வச்ச சைக்கிள். மூணாவது, கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் விக்கிற பழைய ரோட் பைக். ஷிமானோ சோரா கியர், கார்பன் போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை), 54 சைஸ், 28,000. போட்டோவுல பளபளன்னு இருக்கு. என் உயரம் 155 செ.மீ. சைஸ் சரிவருமான்னு கேட்டா, "சீட்டை இறக்கிக்கலாம் மேடம்"ங்கிறார்.

வீட்டுக்காரர் முதல் சைக்கிளைத்தான் வாங்கச் சொல்றார். 21 கியர் இருக்காம்.

சிறுமலை18:
டீச்சர், யோசிக்காம மூணாவதைத் தூக்குங்க. சோரான்னா பின்னால 9 கியர், கியர் லிவர் பிரேக்கோடயே சேர்ந்து வரும், கையை எடுக்காம மாத்தலாம். புதுசு வாங்கினா இந்த விலைக்கு நெனச்சே பார்க்க முடியாது. கார்பன் போர்க் இருந்தா நம்ம ரோட்டு அதிர்வும் கைக்குக் கொஞ்சம் கம்மியா ஏறும்.

ரிப்பேர்_அண்ணன்:
சிறுமலை தம்பி, நீங்க சைக்கிளைப் பார்க்குறீங்க, ஏறப் போற ஆளைப் பார்க்கல. 155 செ.மீ. உயரத்துக்கு 54 பிரேமா? அந்த ஆளு சொல்ற மாதிரி சீட்டை இறக்கலாம், ஆனா மேல் கம்பியை இறக்க முடியுமா, சுருக்க முடியுமா?

டீச்சர், முதல்ல ஒரு வேலை செய்ங்க. செருப்பைக் கழட்டிட்டுச் சுவத்துல முதுகை ஒட்டி நில்லுங்க. கெட்டி அட்டை நோட்டு ஒண்ணைத் தொடை நடுவுல, சீட்டு அழுத்துற அளவுக்கு மேல ஏத்திப் பிடிங்க. நோட்டோட மேல் விளிம்புலேர்ந்து தரை வரைக்கும் எம்புட்டுன்னு வீட்டுக்காரரை அளக்கச் சொல்லுங்க. அந்த அளவைச் சொல்லாம எந்த சைக்கிளுக்கும் பணம் போட்டுறாதீங்க.

திருநகர்_டீச்சர்:
அளந்தாச்சு அண்ணே. 72 செ.மீ.

ரிப்பேர்_அண்ணன்:
அப்ப கணக்கு இதுதான். கால் அளவை 0.665 ஆல பெருக்குனா ரோட் பைக் பிரேம் சைஸ் கிட்டத்தட்ட வந்துரும். 72க்கு 47.9. அதாவது 48, கம்பெனி மொழியில எக்ஸ்எஸ். 0.883 ஆல பெருக்குனா பெடல் கம்பி ரெண்டும் சேர்ந்து சுத்துற நடு அச்சுலேர்ந்து சீட்டோட மேல் வரைக்கும் உள்ள உயரம், உங்களுக்கு 63.5 செ.மீ. சுத்தி. இது ஆரம்பப் புள்ளிதான், அப்புறம் அரை சென்டி இங்கிட்டு அங்கிட்டு ஆகும்.

54ல என்ன சிக்கல்னா, மேல் கம்பி பெரும்பாலும் தரையிலேர்ந்து 75 செ.மீ.க்கு மேல நிக்கும். உங்க கால் 72. சிக்னல்ல ரெண்டு காலையும் ஊன முடியாது, ஒரு பக்கம் சாய்ச்சுத்தான் நிக்கணும். இது சின்னத் தொந்தரவு. பெரிய தொந்தரவு நீளம். 48க்கும் 54க்கும் சீட்டுலேர்ந்து ஹேண்டில்பாருக்கு 3 செ.மீ. பக்கம் வித்தியாசம் வரும். எட்டிப் பிடிச்சு ஓட்டுனா பத்து கிலோமீட்டர் தாண்டினதும் பிடரி பிடிக்கும், உள்ளங்கை மரத்துப் போகும், அவசரத்துக்கு பிரேக் லிவர் விரலுக்குச் சிக்காது. அண்ணன் செருப்பை மாட்டிக்கிட்டு கடை வரைக்கும் போயிட்டு வரலாம், பந்தயத்துக்கு ஆகாது. இறங்கினதும் உங்களுக்கு 5 கிலோமீட்டர் ஓட்டம் வேற இருக்கு.

சிறுமலை18:
ஹேண்டிலைப் பிடிச்சிருக்கிற ஸ்டெம்மைச் சின்னதா மாத்தினா சரியாகாதா அண்ணே?

ரிப்பேர்_அண்ணன்:
ஒரு சைஸ் வித்தியாசம்னா ஸ்டெம்மை மாத்திச் சமாளிக்கலாம். இது ரெண்டு சைஸுக்கு மேல. ஸ்டெம்மை ரொம்பக் குட்டையாக்குனா ஹேண்டில் துள்ள ஆரம்பிக்கும். தம்பி, உங்க உயரத்துக்கு அந்த வண்டி நல்ல வண்டிதான். வேணும்னா நீங்க போய் வாங்கிக்கங்க.

நாகமலை_நிழல்:
கியர் எண்ணிக்கை பத்தி ஒரு வார்த்தை, டீச்சர் வீட்டுக்காரரும் படிக்கட்டும். 21 கியர்ங்கிறது முன்னால 3 பல்சக்கரம், பின்னால 7. பெருக்கிச் சொல்றாங்க. அதுல பாதி ஒண்ணுக்கொண்ணு அதே கனந்தான், செயின் கோணலாப் போற சேர்க்கையும் உண்டு. கடற்கரைச் சாலை மேடு பள்ளமில்லாத சமதளம், அங்க நாலஞ்சு கியர்தான் உருளும். டிரைபன் ஆர்சி 100ல முன்னால ஒரே பல்சக்கரம், பின்னால 7. போதும். நிறைய பேர் ஏழுதானான்னு உதட்டைப் பிதுக்குறாங்க, ஆனா செயின் கழண்டு விழுறது குறைவு, பராமரிப்பும் லேசு.

16,500 ரூபா சைக்கிள்ல இருக்கிற முன் சஸ்பென்ஷன் இரும்புக் குழாய்க்குள்ள ஒரு ஸ்பிரிங்கு, அவ்வளவுதான். நீங்க எழுந்து மிதிக்கிறப்ப மிதியில கொஞ்சம் அந்த ஸ்பிரிங்கை அமுக்கத்தான் போகும். மேல கட்டை டயர் வேற, தார் ரோட்டுல ங்ங்ங்னு சத்தம் போட்டுக்கிட்டே வரும். ஆனாலும் அதைச் சுத்தமா ஒதுக்கச் சொல்லல. கையில 20,000தான் இருக்குன்னா, சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட் (ரோட் பைக்குக்கும் கட்டை டயர் சைக்கிளுக்கும் நடுவான ரகம்) ஒண்ணைச் சரியான சைஸுல வாங்கி வழவழ டயர் போட்டுக்கிட்டாலே ஸ்பிரிண்ட் போட்டியை மரியாதையா முடிக்கலாம். இது மாதிரிப் போட்டிகள்ல ஹைப்ரிடும் கட்டை டயரும் சகஜமா வரும்.

ஒத்தக்கடைக்காரன்:
நேரக் கணக்கையும் பார்த்துருவோம். 20 கிலோமீட்டரை மணிக்கு 20 வேகத்துல போனா 60 நிமிஷம். 24ல போனா 50 நிமிஷம். 26ல போனா 46. லேடிபேர்டுலேர்ந்து சரியான சைஸ் ரோட் பைக்குக்கு மாறினாலே அந்தப் பத்து நிமிஷம் கிடைச்சுரும். அதுக்கு மேல இன்னொரு 30,000 கொட்டினாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் மிஞ்சும். அந்தக் காசுக்குக் கடல்ல நீந்திப் பழகுங்க. கெணத்துலயும் குளத்துலயும் அலை கிடையாது.

திருநகர்_டீச்சர்:
கடல் பயம் இருக்கத்தான் செய்யுது, அதைத் தனியா கேட்கிறேன். இப்ப வீட்டுக்காரர் ஹைப்ரிடுக்கு இறங்கி வந்துட்டார். ரோட் பைக்ல குனிஞ்சு ஓட்டினா தெருவுல பிள்ளைங்க சிரிக்கும்ங்கிறார்.

வைகைக்கரை_மதினி:
சிரிக்கத்தான் செய்வாங்க, ரெண்டு நாள். அப்புறம் "டீச்சர், ஒரு ரவுண்டு குடுங்க"ன்னு வரிசையில நிப்பாங்க.

நான் போட்டி பக்கத்தைச் சொல்றேன். சைக்கிளை விட முக்கியம் ஹெல்மெட். ஸ்டாண்டுலேர்ந்து சைக்கிளைத் தொடுறதுக்கு முன்னாலயே ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டியிருக்கணும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டினதுக்கு அப்புறந்தான் பூட்டைக் கழட்டலாம். ஈரக் கையோட அந்த வார் சிக்காம நிறைய பேர் தடுமாறுவாங்க, வீட்டுல கையை நனைச்சுக்கிட்டுப் பழகுங்க. மோட்டார் பைக் ஹெல்மெட் ஆகாது, சைக்கிள் ஹெல்மெட்டே வேணும். உள்பக்கம் இஎன் 1078 முத்திரை இருக்கான்னு பாருங்க.

ஹேண்டில்பார் முனை ரெண்டும் மூடியிருக்கணும். அந்த மூடி விழுந்துட்டா சைக்கிள் சோதனையில நிப்பாட்டிருவாங்க. ரெண்டு பிரேக்கும் பிடிக்கணும். ஏறுற கோட்டைத் தாண்டித்தான் ஏறணும், இறங்குற கோட்டுக்கு முன்னாலயே இறங்கணும். முன்னால போறவங்க நிழல்ல ஒட்டிக்கிட்டு ஓட்டுறதுக்கு நம்மள மாதிரி ஆளுங்க போட்டியில பெரும்பாலும் தடை, 10 மீட்டர் இடைவெளி கேட்பாங்க. உங்க போட்டி விதியில எத்தனைன்னு பார்த்துக்கங்க. இந்த விதி இருக்கிறதால ஒருத்தரை முந்தணும்னா சொந்தக் கால்தான்.

ஷூவைப் பெடலோட மாட்டிப் பூட்டுற பூட்டு பெடல், பூட்டு ஷூ எதுவும் முதல் தடவைக்கு வேண்டாம். சாதா பெடல், ஓடுற ஷூ. மாத்துற நேரமும் மிச்சம்.

ரிப்பேர்_அண்ணன்:
பட்ஜெட்டுல 4,000 – 5,000ஐத் தனியா எடுத்து வச்சுருங்க. ஹெல்மெட், அழுத்தம் காட்டுற தரை பம்பு, ரெண்டு டியூப், டயர் நெம்புற பிளாஸ்டிக் லிவர், பாட்டில் ஸ்டாண்டு. மீதியில சைக்கிள். கடைக்குப் போறப்ப எக்ஸ்எஸ் இருந்தா மட்டும் ஏறிப் பாருங்க. "எஸ் இருக்கு, அதே மாதிரிதான்"னு சொன்னா வந்துருங்க. ஆர்டர் போட்டுக் காத்திருந்தாலும் பரவாயில்ல, தைக்கு இன்னும் நாள் கெடக்கு.

இன்னொண்ணு, பழசுதான் வாங்குவேன்னு வேற யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கு. போட்டோவை நம்பாதீங்க. ஹேண்டில் குழாயும் கீழ்க் கம்பியும் சேர்ற வெல்டிங் இடத்துல நகத்தால வருடிப் பாருங்க, பெயின்ட் வெடிப்பு மாதிரி தெரிஞ்சா விட்டுருங்க. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்க, டக் டக்னு தட்டினா ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்புற பேரிங், லூசு. ஸ்டீல் ஸ்கேலை செயின் மேல வச்சு, செயினைக் கோர்க்கிற ஒரு பின்னோட நடுவுல சைபர் வச்சா, அதை விட்டு எண்ணி 24ஆவது பின் சரியா 12 இன்ச்சுல வரணும். 1/16 இன்ச் தள்ளி நின்னா செயின் மாத்தணும். 1/8 தள்ளினா பின் சக்கரப் பல்லும் தேஞ்சிருக்கும், அந்தச் செலவை விலையில கழிச்சுக் கேளுங்க. பில்லு இல்லாத சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

திருநகர்_டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. எக்ஸ்எஸ் ஸ்டாக் இல்லாம ஆர்டர் போட்டு ரோட் பைக்கே வாங்கியாச்சு. சீட்டு 63.5ல வச்சு, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து 64க்கு ஏத்தியிருக்கேன். பிரேக் லிவர் கொஞ்சம் தூரமா இருந்துச்சு. அதுல இருக்கிற சின்ன ஸ்குரூவைத் திருகிக் கிட்ட கொண்டு வரலாம்னு கடைத் தம்பி காட்டிக் குடுத்துச்சு. இது எனக்குப் புதுசு.

இப்பப் புதுப் பிரச்சனை. தென்பழஞ்சிப் பக்கம் போயிட்டு வந்தாலே பஞ்சர். ஒட்டி மாட்டினா மறுநாள் அதே சக்கரம் மறுபடி இறங்கிருது. பக்கத்துல பஞ்சர் கடையில காத்தடிக்கவும் முடியல, அவங்க நாசில் பொருந்தல. டியூப் மட்டமா?

ஒத்தக்கடைக்காரன்:
டியூப் மட்டம் இல்ல டீச்சர், கருவேலமுள். நம்ம பக்கம் கண்மாய்க் கரையில போனா இதுதான். முள்ளு டயருக்குள்ள ஒடிஞ்சு நிக்கும், வெளியே தெரியாது. டியூபை மட்டும் ஒட்டினா அதே முள்ளு அதே இடத்துல மறுபடி குத்தும்.

ரிப்பேர்_அண்ணன்:
அதேதான். டயரை மாட்டுறப்ப அதோட பேர் எழுதின இடம் வால்வுக்கு நேரா வர்ற மாதிரி எப்பவும் வைங்க. பஞ்சரானா டியூபுல ஓட்டை வால்வுலேர்ந்து எத்தனை சாண்னு பார்த்து, டயர்லயும் அதே சாண் தள்ளித் தேடினா முள்ளு சிக்கும். விரலை விட்டுத் தடவாதீங்க, கிழிச்சுரும். பஞ்சு இல்லாட்டி பழைய காட்டன் துணியை உள்பக்கம் ஒரு சுத்து இழுங்க, முள்ளுல நூல் மாட்டி நிக்கும். வெளியேருந்து குத்தூசியால தள்ளி, உள்ளேருந்து இடுக்கியில பிடுங்குங்க. கிழிசல் இல்லாட்டி டயருக்கு ஒண்ணும் ஆகாது.

வால்வு விஷயம் வேற. உங்க லேடிபேர்டுல இருக்கிறது வால்டியூப் போட்ட பழைய வால்வு. புது சைக்கிள்ல ஒல்லியா, உச்சியில சின்ன ஸ்குரூ இருக்கா? அது பிரெஸ்டா. ஸ்குரூவை இடப்பக்கம் திருகி, ஒரு தடவை அமுக்கி "புஸ்"னு காத்து விட்டுட்டு அப்புறம் பம்பை மாட்டணும். மோட்டார் பைக் பஞ்சர் கடையில அடிக்கணும்னா பித்தளை அடாப்டர் ஒண்ணு வாங்கி சீட்டுப் பையில போட்டு வைங்க, அம்பது நூறு ரூபாதான். உங்க எடைக்கு 28 மி.மீ. அகல டயர்னா 60லேர்ந்து 70 பிஎஸ்ஐ, அதை விட அகலமான டயர்னா 50 சுத்தி போதும். கல்லு மாதிரி அடிச்சு வைக்காதீங்க.

திருநகர்_டீச்சர்:
துணி போட்டு இழுத்தேன், முள்ளு சிக்கிருச்சு! ரெண்டு முள்ளு, ஒண்ணு குண்டூசித் தலை அளவுதான்.

கடைசியா ஒண்ணு. போட்டிக்கு சைக்கிளை எப்படிக் கொண்டு போறது? எங்ககிட்ட கார் இல்ல.

வைகைக்கரை_மதினி:
ரயில்ல போறதா இருந்தா முந்தின நாளே மதுரை ஜங்ஷன் பார்சல் ஆபீசுல கேட்டு புக் பண்ணலாம். அடையாள அட்டை, டிக்கெட், பில் நகல் மூணும் கையில வைங்க. நீங்க ஏறுற வண்டியிலயே ஏத்துறாங்களான்னு வாயைத் திறந்து கேட்டுக்கங்க, சில சமயம் அடுத்த வண்டியில வரும். அதனால போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாலயே அனுப்புறது நல்லது.

ஆம்னி பஸ் டிக்கியிலயும் போடுவாங்க, கிளீனர்கிட்ட முன்கூட்டியே பேசிக்கணும். முன் சக்கரத்தைக் கழட்டி பிரேமோட சேர்த்துக் கட்டுங்க. போர்க் ரெண்டு காலும் நசுங்காம இருக்க நடுவுல ஒரு மரத்துண்டு வச்சு இறுக்குங்க. படுக்க வைக்கிறப்ப கியர் இருக்கிற பக்கம் மேல இருக்கணும், இல்லாட்டி பின்னால கியர் மாத்துற கருவியைத் தாங்குற கொக்கி வளைஞ்சு கியர் தாவும். ஏத்துறப்ப நீங்களே கூட நின்னு பாருங்க.

திருநகர்_டீச்சர்:
பஸ்ஸுதான் சரிப்படும் போல. கிளீனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன் மதினி.