ரெஃபரல் இல்லாமல் வேலை மாற முடியுமா? உள்ளே யாரையும் தெரியாதவர்கள் என்ன செய்கிறீர்கள்?

முதல்பட்டதாரி:
விருதுநகர் பக்கம் பி.இ. முடித்துவிட்டு சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். வேறு இடத்துக்கு மாதக்கணக்காக விண்ணப்பம் போடுகிறேன், ஒரு பதிலும் வரவில்லை. கம்பெனிக்குள் இருப்பவர் யாராவது ரெஃபர் பண்ணினால்தான், அதாவது நம் பெயரைப் பரிந்துரைத்தால்தான் நடக்கும் என்கிறார்கள். என் நெருங்கிய நண்பர்கள் நாலு பேரும் என்னைப் போலவே வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். சொந்தத்திலும் ஐடியில் யாரும் கிடையாது. லிங்க்டினில் முன்பின் தெரியாதவரிடம் போய்க் கேட்டால் கையேந்துவது போல இருக்கிறது. இதனால் உண்மையிலேயே பலன் உண்டா?

ரெஸ்யூமே_படிக்கிறவள்:
உண்டு தம்பி. ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன், பல கம்பெனிகளில் ரெஃபர் செய்தவருக்கு போனஸ் உண்டு, நீங்கள் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் பணம் அவர் கைக்கு வரும். அதனால் இதில் கையேந்த ஒன்றுமில்லை. ரெஃபரல் உங்கள் ரெஸ்யூமேயை ஒருவர் கண்ணில் படவைக்கும், இன்டர்வியூவை நீங்கள்தான் தாண்ட வேண்டும்.

நாலு நண்பர்களை மட்டும் நம்பினால் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் ஏற்கனவே தெரிந்திருக்கும். அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களில் அந்த ஆளை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் ஆறில் ஒருவர்தான், மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆள்தான் உதவியிருக்கிறார். லிங்க்டினும் சுமார் 2 கோடி பேரிடம், 'இவரைத் தெரியுமா' என்று காட்டும் பட்டியலை மாற்றி மாற்றிப் பார்த்தது. 2022இல் முடிவு வந்தது: ரொம்ப நெருக்கமும் இல்லாமல் அடியோடு அந்நியமாகவும் இல்லாத பழக்கம்தான் அதிகம் கைகொடுக்கிறது. உங்கள் கணக்கில் அது கல்லூரி சீனியர், முன்பு கூட வேலை பார்த்து விலகியவர், இப்படி.

பனியன்_ஊர்:
அக்கா சொல்வது சரிதான், ஆனால் சீனியரே இல்லாத கல்லூரிக்காரன் எங்கே போவான்? எங்கள் திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கத்திய பனியன் தொழிலைப் பற்றி அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்ற பொருளாதார அறிஞர்கள் 2004இல் எழுதினார்கள்: உள்ளூர்க் கவுண்டர் சமூகத்து முதலாளிகள் சொந்தபந்தத்தின் பணம் இருப்பதால் தொடங்கும்போதே பெரிய முதலீட்டோடு தொடங்குகிறார்கள். வெளியாட்கள் குறைந்த முதலீட்டில் தொடங்கினாலும் வேகமாக வளர்ந்து முந்திவிடுகிறார்கள். அதாவது பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, தெரிந்த முகத்தைத் தேடிப் போயிருக்கிறது. ரெஃபரலும் அதே வேலையைத்தான் செய்கிறது, கம்பெனிக்காரர்கள் அதற்கு 'கல்ச்சர் ஃபிட்' (எங்கள் பழக்கவழக்கத்துக்குப் பொருந்துகிற ஆள்) என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். எரிச்சலாக வருகிறது.

ஹாஸ்டல்_மெஸ்:
நானும் அதையே சொல்ல வந்தேன். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழு 2022இல் அமெரிக்க ஃபேஸ்புக் நட்புகளை ஆராய்ந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வசதியானவர்களின் நட்பு அதிகம் இருக்கும் ஊர்களில் அந்தப் பிள்ளைகள் பின்னாளில் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாதாம், அப்படிப்பட்ட நட்பு அமையாததில் பாதி, அங்கேயும் அவரவர் ஆட்களோடு ஒட்டிக்கொள்வதால் வருகிறது. நம் காலேஜ் மெஸ்ஸில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் தம்பி, அந்த நாலு பேரை விட்டுவிடாதீர்கள். வேலை வாங்கித் தரமாட்டார்கள், சரி, ஆனால் ரிஜெக்ட் மெயில் வந்த அன்று ராத்திரி போன் பண்ண லிங்க்டின் ஆள் உதவமாட்டார்.

முதல்பட்டதாரி:
நன்றி அக்கா, அண்ணன்களே. பழைய டீம் லீட் ஒருவர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, திடீரென்று எப்படி ஆரம்பிப்பது?

ரெஸ்யூமே_படிக்கிறவள்:
'எப்படி இருக்கீங்க' என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், எல்லாருக்கும் புரிந்துவிடும். எந்த ப்ராஜெக்டில் கூட இருந்தீர்கள், அவர் கம்பெனியின் எந்த வேலைக்கு (ஜாப் ஐடியோடு) கேட்கிறீர்கள், அது உங்களுக்கு ஏன் பொருந்தும் என்று மூன்று வரி, ரெஸ்யூமே இணைப்பு. முடியாவிட்டால் பரவாயில்லை என்றும் எழுதுங்கள். ஆமாம், டெஸ்டிங்கில் நீங்கள் மேனுவலா (கையால் சோதிப்பது), ஆட்டோமேஷனா (நிரல் எழுதிச் சோதிப்பது)?