மறு: காந்தம் வைத்த மூக்குக்கண்ணாடிக்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கேள்வியைத் தொடங்கிவைத்தவன் நான். நான்கு நாளில் இழை எங்கெங்கோ போய்விட்டதால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். இடையில் வந்தவர்களுக்காக: கண் முகாமுக்கு வருகிறவர்களிடம் கொடுக்க ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பத்தி, மூக்கின்மேல் உட்காரும் பட்டையிலும் காதுக் கம்பியிலும் சின்னச் சின்னக் காந்தங்களை வைத்து, கண்ணுக்கு நல்லது என்று விற்கும் கண்ணாடியைப் பற்றியது. அந்தப் பொருளுக்கு ஒரு பெயர் வேண்டும்.

> காந்த சிகிச்சைக் கண்ணாடி என்றே போடலாமே. வாங்குகிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

கோவை அம்மா, மக்கள் வழக்கை ஒதுக்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் பெயரிலேயே 'சிகிச்சை' என்று வைத்துவிட்டு, அடுத்த வரியில் 'இதில் சிகிச்சை எதுவும் இல்லை' என்று எப்படி எழுதுவது? வரி மறந்துபோகும், பெயர் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பழைய சாட்சியே இருக்கிறது. 1777இல் வியன்னாவில் பிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், சிறுவயதிலேயே பார்வை இழந்த மரியா தெரசியா பாரடிஸ் என்ற இளம் பியானோ கலைஞருக்குத் உடலுக்குள் ஓடும் ஒரு காந்தப் பாய்பொருளைச் சீராக்குவதாகச் சொன்ன தம் 'விலங்குக் காந்த' வைத்தியத்தைச் செய்தார். பார்வை திரும்புகிறது என்று பேச்சு கிளம்பியது. கடைசியில் அந்தப் பெண்ணைப் பெற்றோர் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பார்வை வரவே இல்லை. மெஸ்மர் பாரிசுக்குப் போய்க் கடைவிரித்தார். 1784இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி அமைத்த குழு, அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினும் வேதியியலாளர் லவாசியேவும் இருந்த குழு, சோதித்துப் பார்த்துவிட்டு அப்படி ஒரு காந்தப் பாய்பொருளே கிடையாது, எல்லாம் கற்பனையின் வேலை என்று எழுதியது. குழுவின் அறிக்கையை இன்று யார் படிக்கிறார்கள்? 'மெஸ்மரிசம்' மட்டும் நம் ஊர் டீக்கடைவரை வந்து சேர்ந்துவிட்டது.

'காந்த நலக் கண்ணாடி', 'கண்ணொளிக் காந்தம்' என்று வந்தவற்றையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுகிறேன். இரண்டாவது, விற்பவர் காதில் விழுந்தால் நாளைக்கே அட்டைப்பெட்டியில் அச்சாகிவிடும்.

> ஏமாற்றுக் கண்ணாடி, போலிக் காந்தக் கண்ணாடி - எது வேண்டுமானாலும்.

கோபம் புரிகிறது. எனக்கும் உண்டு. என் அம்மா இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பொருட்காட்சியில் இப்படி ஒன்றை வாங்கி வந்தார். போட்டால் வெள்ளெழுத்து போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு குண்டூசியை மூக்குப் பட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். டக்கென்று துள்ளி ஒட்டிக்கொண்டது. ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தால் அசையவே இல்லை. ஆக, காந்தம் அசல்தான். பொய் இருப்பது அதைப் பற்றிய பேச்சில். 'போலி' என்று போட்டால், 'எங்களுடையது அசல் காந்தம், ஊசியை வைத்துப் பாருங்கள்' என்று விற்பவர் நம்மையே மடக்குவார். அம்மாவிடமும் அதைத்தான் செய்து காட்டியிருக்கிறார்கள். ஊசி ஒட்டியதும் அம்மா நம்பிவிட்டார்.

> வெறும் 'காந்தக் கண்ணாடி' போதாதா? சுருக்கமாக இருக்கிறதே.

சுருக்கம்தான். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. பவர் கண்ணாடியின் முன்புறம் கறுப்பு வில்லையைக் காந்தத்தால் ஒட்டவைத்துக்கொள்ளும் வகை ஒன்று கடைகளில் இருக்கிறது. வெயிலில் ஒட்டிக்கொள்ளலாம், உள்ளே வந்ததும் கழற்றிவிடலாம். அது நல்ல பொருள். காந்தம் அங்கே கொக்கியின் வேலையைச் செய்கிறது, அதைத் தாண்டி எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் நல்லதும் சேர்ந்து கெட்டுப்போகும். இன்னொன்று, 'காந்தக் கண்' என்றாலே தமிழ்க் காதுக்கு ஆளை இழுக்கும் அழகிய கண்தான். துண்டறிக்கையில் அந்தச் சிரிப்பு வேண்டாம்.

ஒருவர் 'கண்காந்தக் கண்ணாடி' என்று எழுதியிருந்தார். ஐயா, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் 'கண்ணு காந்துது' என்போம். அடிப்பிடித்த சோறு காந்தல். கண் காந்தக் காந்த ஒரு கண்ணாடியா!

அதோடு, கண் மருத்துவத்தில் காந்தத்துக்கு நேர்மையான ஒரு வேலை ஏற்கெனவே உண்டு. 'கண் காந்தம்' என்ற சொல்லை அதற்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். கண்ணுக்குள் பாய்ந்த இரும்புத் துணுக்கை 1624இல் காந்தக்கல்லைப் பிடித்து வெளியே எடுத்தவர் மரீ கொலினே. சுவிட்சர்லாந்தில் பணிபுரிந்த ஜெர்மன் அறுவை மருத்துவர் பாப்ரிசியஸ் ஹில்டானஸின் மனைவி. பிறகு சூரிச்சில் ஓட்டோ ஹாப் 1892இல் பெரிய மின்காந்தத்தையே இதற்குக் கொண்டுவந்தார். இன்றும் கண்ணுக்குள் செலுத்தும், நுனியில் காந்தம் உள்ள மெல்லிய கருவிகள் உண்டு. லேத் பட்டறையில் வேலை செய்கிறவருக்கு இதன் அருமை தெரியும். (மட்குடம் போல 'கட்காந்தம்' என்று புணர்த்தினால் இலக்கணம் மகிழும், மருத்துவர் முழிப்பார். பிரித்தே எழுதுவோம்.)

> எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில 'வில்லை' எண்டுதான் படிச்சனாங்கள். கழற்றி ஒட்டுற வகைக்கு 'காந்த ஒட்டுவில்லை' எண்டு சொன்னால் என்ன?

யாழ்ப்பாணத்து ஐயா, 'வில்லை' எனக்கும் பிடிக்கும். இங்கே பாடநூலில் 'லென்சு' என்று போட்டே பழக்கிவிட்டார்கள், அது தனி வருத்தம். ஆனால் 'ஒட்டுவில்லை'யில் ஒரு சுழி மாறினால் 'ஒட்டவில்லை' ஆகிவிடும். காந்தம் ஒட்டவில்லை என்று யாராவது திருப்பிக் கொடுக்க வந்துவிடுவார்கள். காந்தம் அங்கே கவ்விக்கொள்வதால் 'கவ்வுவில்லை' என்று வைக்கலாமா? உங்கள் ஒப்புதல் வேண்டும்.

நம் பொருளுக்கு வருகிறேன். பெங்களூர்த் தம்பி 'உட்பொதி காந்தக் கண்ணாடி' என்று சொன்னதுதான் சரியான பாதை என்று தோன்றுகிறது. பொருள் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறதோ அதை மட்டும் சொல்கிறது, பலனைப் பற்றி மூச்சு விடவில்லை. நீளம்தான் குறை. கல் பதித்த தோடு என்கிறோம். அந்தப் 'பதி'யை எடுத்துக்கொண்டால் பதிகாந்தம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, அதனால் நடுவில் வல்லினம் மிகாது. பின்னால் கண்ணாடி சேரும்போது மட்டும் மிகும்: பதிகாந்தக் கண்ணாடி. பதிகாந்தப் பட்டை, பதிகாந்தக் காப்பு என்று இதே குடும்பத்தில் கையில் மாட்டுகிறவற்றுக்கும் கைகொடுக்கும்.

'பதி' என்றால் கணவன், ஊர் என்றும் பொருள் வருமே என்று தம்பியே கேட்பார். வரும். 'பதிவு', 'பதிப்பு' என்று தினமும் எழுதும் நமக்கு அது தடுக்காது.

பொருளின் பெயர் இப்படி நடுநிலையாக நின்றுவிட்டால், அதைப் பற்றிச் சொல்லப்படுவதற்குத் தனிச்சொல் தேவை. 'உடல்நல உரிமைகோரல்' என்று ஒரு அரசு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். சொத்துத் தகராறு மாதிரி இருக்கிறது. நான் 'நலக்கூற்று' என்று எழுதியிருக்கிறேன். கூற்று என்றால் எமனும்தான். இருக்கட்டும், பொருத்தம்தான். துண்டறிக்கைப் பத்தி இப்போது இப்படி நிற்கிறது, திருத்துங்கள்:

"பதிகாந்தக் கண்ணாடி ரத்த ஓட்டத்தைக் கூட்டும், பவரைக் குறைக்கும் என்பவை நலக்கூற்றுகள். ரத்தத்தில் உள்ள இரும்பு, ஆணியில் உள்ள இரும்பைப் போலக் காந்தத்தோடு ஒட்டுவதில்லை. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் இந்தச் சிறு காந்தங்களைவிடப் பல மடங்கு வலியது. அதற்குள் படுத்தாலும் ரத்தம் ஒரு பக்கமாக இழுபடுவதில்லை. கிட்டப்பார்வை பெரும்பாலும் கண்விழி நீளமாக வளர்வதால் வருவது. வெள்ளெழுத்து, கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக இறுகுவதால் வருவது. காந்தம் விழியைக் குறுக்காது, வில்லையை இளக்காது. தலையில் நீர் வடிக்கும் குழாயும் வால்வும் வைத்திருப்பவர்கள், இதயமுடுக்கி வைத்திருப்பவர்கள் காந்தம் உள்ள எதையும் அணியுமுன் மருத்துவரைக் கேட்கவும்."

'வால்வு' அப்படியே இருக்கட்டும். தடுக்கிதழ் என்று மாற்றினால் நோயாளிக்குப் புரியாது.

துண்டறிக்கையில் வரும் சட்டப் பெயரிலும் ஒரு குழப்பம். இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தை 'மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம்' என்று எழுதுகிறார்கள். குருடு, கண்புரை, கண்நீர் அழுத்தம் எல்லாம் அதன் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது. 'மந்திரத் தீர்வு' என்றால் தாயத்தும் தகடும் மட்டும் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்கிறார். 'மாய வைத்தியம்' நன்றாக இருக்கும், ஆனால் சட்டத்தின் பெயரை நாம் மாற்ற முடியாது. அப்படியே விடுகிறேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. கண்ணை மூடித் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் துணிப்பட்டையிலும் காந்தம் வைத்து வருகிறது. 'பதிகாந்தக் கண்பட்டை' என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் உறைத்தது, கண்பட்டை குதிரைவண்டிக் குதிரைக்குக் கட்டுவது. வேறு சொல் தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.