பேனாக்கத்தி தீட்ட: கோணம் பிடிக்கும் கருவியா, வெறும் கையா?

வைகைக்கரை:
என்னிடம் இரண்டு கத்திகள். ஒன்று 91 மி.மீ. விக்டோரினாக்ஸ் (சுவிஸ் பேனாக்கத்தி), இன்னொன்று எஸ்30வி என்ற கடினமான எஃகில் செய்த மடக்குக் கத்தி. இரண்டும் மொட்டையாகிவிட்டன, தக்காளித் தோலில் வழுக்குகின்றன. அலகைப் பிடிப்பில் இறுக்கி, கம்பியில் கோத்த கல்லை ஓட்டும் லான்ஸ்கி மாதிரி கருவி வாங்கலாமா? இல்லை, கிங் 1000 நீர்க்கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்) ஒன்றை வாங்கி வெறும் கையால் பழகலாமா?

லேத்பட்டறை:
கருவியே வாங்குங்கள் தம்பி. லான்ஸ்கியில் 17, 20, 25, 30 டிகிரி என்று நான்கு துளைகள் இருக்கும். 20-ல் கம்பியைச் செருகினால் நூறாவது இழுப்பிலும் அதே கோணம்தான். வெறும் கையில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி ஆடும். அப்படி ஆடி ஆடியே கத்தியின் வாய் உருண்டு போகிறது. பளபளப்பாக இருக்கும், ஆனால் வெட்டாது.

உளிச்சத்தம்:
துளையில் 20 என்று எழுதியிருப்பதால் அலகில் 20 விழுந்துவிடாது. பிடிப்பிலிருந்து வாய் எவ்வளவு வெளியே நிற்கிறதோ அதைப் பொறுத்துக் கோணம் மாறும். அகலமான அலகு என்றால் எழுதியிருப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். நுனிப் பக்கம் வளைவு வரும்போது இன்னும் மாறும்.

கையால் கோணம் பிடிப்பது அப்படி ஒன்றும் பெரிய வித்தையில்லை. அலகு 20 மி.மீ. அகலம் என்றால், முதுகை 5 மி.மீ. தூக்கினால் ஏறக்குறைய 15 டிகிரி. தச்சுப் பட்டறையில் உளி தீட்டித்தான் நான் வளர்ந்தேன். ஒரே மாதத்தில் கை பழகிவிடும்.

லேத்பட்டறை:
அண்ணா, உளியை இதில் சேர்க்காதீர்கள். உளியின் சரிவு, அதாவது வாயை ஒட்டிச் சாய்வாகத் தீட்டிய பட்டை, அகலமானது. கல்லில் வைத்தால் தானாகவே படிந்து உட்காரும், அந்தப் படிவே உங்கள் கைக்கு வழிகாட்டி. பேனாக்கத்தியின் சரிவு ஒரு மி.மீ. கூட இருக்காது. அது எதில் போய் உட்காரும்?

உளிச்சத்தம்:
சரி, அது நியாயமான கேள்வி. உளியை வைத்துச் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கூர் வந்துவிட்டதா என்று சொல்வது கோணம் இல்லை, பிசிறு. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, சரிவு வாய் வரைக்கும் எட்டியதும் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளிப் பாருங்கள். நகத்தடியில் மயிரிழை மாட்டுவது போல ஒரு உரசல் தெரியும். அடி முதல் நுனி வரை அது தெரிந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். விக்டோரினாக்ஸ் எஃகு மிருதுவானது, அதில் பிசிறு இப்படியும் அப்படியும் புரண்டுகொண்டே இருக்கும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் கனம் மட்டும் கல்லில் விழ வேண்டும். கருவி வைத்திருப்பவர்கள் பக்கத்துக்கு இருபது இழுப்பு என்று எண்ணிவிட்டு நிறுத்துகிறார்கள். அடுத்த நாளே மழுங்கிவிட்டது என்கிறார்கள். பிசிறைக் கூர் என்று நம்பியதுதான் காரணம்.

லேத்பட்டறை:
எண்ணுவது தவறுதான், நானும் பிசிறு பார்த்துத்தான் திருப்புகிறேன். ஆனால் அது கருவியின் குறையில்லை, ஆளின் குறை. கோணத்தைக் கருவி பார்த்துக்கொண்டால் கவனம் முழுவதும் பிசிறின் மேல் இருக்கும். புதிதாகக் கற்பவருக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் இரண்டும் வராது. முதுகில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிடிப்பு வந்த இடத்தைக் குறித்துவைத்தால் அடுத்த முறையும் அதே கோணம். இரும்பும் வீணாகாது.

மலையோரம்:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். எஸ்30வி-யில் வனேடியம் என்ற உலோகம் 4 சதவீதம். அது கார்பனோடு சேர்ந்து உண்டாகும் கார்பைடு துகள்கள், கிங் போன்ற சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினம். கருவியோ கையோ, அந்தக் கத்திக்கு வைரத்தூள் பதித்த தகடு வேண்டும்.

வைகைக்கரை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கிங் கல்லே வாங்கினேன். சமையலறைப் பழைய கத்தியில் பழகிவிட்டு விக்டோரினாக்ஸுக்கு வந்தேன். சரிவில் மார்க்கர் மை பூசித் தீட்டிப் பார்த்ததில், நடுவில் மை சுத்தமாகப் போய்விட்டது. நுனியில் கடைசி ஒரு செ.மீ. மட்டும் வாயோரம் மை அப்படியே நிற்கிறது. வலப்பக்கம் மட்டும்தான் இப்படி.

உளிச்சத்தம்:
வளைவு வரும் இடத்தில் கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள் தம்பி. இடது கையால் இழுக்கும்போது அதை மறந்துவிடுகிறீர்கள், அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது. முதலில் அந்த ஒரு செ.மீ.யை மட்டும் தனியாகத் தீட்டிப் பழகுங்கள்.

லேத்பட்டறை:
மை நிற்பதைப் பார்த்து நிறுத்தினீர்களே, நல்ல வேலை. எஸ்30வி-யை மட்டும் அந்தக் கல்லில் வைக்காதீர்கள். வைரத்தகடு வாங்கியதும் சொல்லுங்கள், பிடிப்பில் எப்படி இறுக்குவது என்று படம் எடுத்துப் போடுகிறேன்.