ரொறன்ரோ தமிழ் வகுப்பில் எந்த இனுயிட் படத்தைப் போடலாம்?

சனிக்கிழமை ரீச்சர்:
ஸ்காபரோவில் சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறேன். 13 முதல் 15 வயதுவரை 11 பிள்ளைகள். தமிழ் எதற்கு என்று எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்டால் அம்மா ஏசுவார். ஆனால் முகத்தில் அந்தக் கேள்வி எழுதி ஒட்டியிருக்கிறது. இந்த நாட்டின் மூத்த குடிகள், வடக்கே பனிப்பகுதியில் வாழும் இனுயிட் மக்களைப் போன்றவர்கள், தங்கள் மொழியோடு படும் பாட்டைக் காட்டலாமே என்று நினைத்தேன்.

போன கிழமை, 1922இல் வந்த ‘நனூக் ஒஃப் த நோர்த்’ என்ற, இனுயிட் குடும்பம் ஒன்றைக் காட்டும் ஆவணப்படத்தில் கொஞ்சம் போட்டேன். நனூக் கிராமபோன் தட்டைப் பல்லால் கடித்துப் பார்க்கும் இடத்தில் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். வீட்டுக்கு வந்து வாசித்தபோதுதான் தெரிந்தது, அவர் பெயர் நனூக்கே இல்லை, அல்லகாரியல்லாக். துவக்கு வந்துவிட்ட காலத்தில் அவர் கையில் ஈட்டியைக் கொடுத்து வேட்டையாட வைத்திருக்கிறார் இயக்குநர் ஃபிளாஹர்ட்டி. வெளிச்சம் போதவில்லை என்று பனிவீட்டைப் பாதியாகக் கட்டுவித்து அதற்குள் குடும்பத்தைப் படுக்க வைத்திருக்கிறார். தட்டைக் கடித்ததும் நடிப்புத்தான். அந்தச் சிரிப்புக்கு நான் இப்போது பிள்ளைகளிடம் பதில் சொல்ல வேண்டும்.

இனுயிட் மக்களே எடுத்த படம் வேண்டும். எல்லோரும் ‘அட்டனார்ஜுவட்’ என்கிறார்கள். அது 172 நிமிடம். என் வகுப்போ இரண்டு மணித்தியாலம், அதிலும் வரவெடுப்பும் சிற்றுண்டியும் போக மிஞ்சுவதே எனக்கு. என்ன செய்யலாம்?

பழைய ஒளிநாடா (மொன்ரியால்):
ரீச்சர், அதை முழுதாகப் போடாதீர்கள். 2001இல் கான் விழாவில் முதல் படத்துக்கான கமெரா டோர் விருது வாங்கிய படம், முழுக்க இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழி. குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நாயகன் உடுப்பே இல்லாமல் கடற்பனிமேல் உயிர்தப்பி ஓடுகிறான், கொலையும் பலாத்காரமும் வேறு. பெற்றோருக்குப் பதில் எழுதியே உங்கள் கிழமை போய்விடும். கடைசிப் பெயர்ப்பட்டியலை மட்டும் காட்டுங்கள். அதுவரை பழங்காலத்தில் இருந்த நாம் சட்டென்று படப்பிடிப்புக் குழுவைப் பார்க்கிறோம், கமெரா சறுக்குவண்டியில் போகிறது. நனூக்குக்கு நல்ல பதில் அதுதான்.

இயக்குநர் சக்கரியஸ் குனுக்கின் கதையையும் சொல்லுங்கள். 1957இல் வடக்கே கப்புயிவிக் என்ற இனுயிட் முகாமில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்காக ஒன்பது வயதில் இக்லூலிக் என்ற குடியிருப்புக்குக் கொண்டுவரப்பட்டவர். அங்கே படம் பார்க்கக் காசில்லாமல், மாக்கல்லில் உருவம் செதுக்கி விற்று டிக்கெட் எடுத்த பையன். 1981இல் அதே போலச் செதுக்கிய சிற்பங்களை எங்கள் ஊரில் கொண்டுவந்து விற்று வீடியோ கமெரா வாங்கினார். அப்போது இக்லூலிக்கில் தொலைக்காட்சி கிடையாது. தங்கள் மொழியில் ஒரு நிகழ்ச்சிகூட இல்லை என்று 1975இலும் 1979இலும் வாக்கெடுத்து வேண்டாம் என்ற ஊர் அது! குனுக் தான் எடுத்ததை வீட்டில் போட்டுப் பார்க்கும்போது, வெளியே ஜன்னலை ஒட்டி ஊர்ப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்களாம். வாக்குப் போட்ட பெரியவர்களையும் ஜன்னலில் நின்ற பிள்ளைகளையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள்.

கோத்தகிரிக்காரன்:
டீச்சர், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். கோடிக்கணக்கானோர் பேசும் மொழியையும் இனுக்டிடுட்டையும் ஒரே தராசில் வைப்பது சரியா? நாம் நாளைக்கே அழியப்போவதாகப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். உண்மையிலேயே விளிம்பில் நிற்கும் மொழி வேண்டுமென்றால் கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடியான ஹைடா மக்களின் மொழியில் 2018இல் வந்த படம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘எட்ஜ் ஆஃப் த நைஃப்’ என்று தேடுங்கள். படம் எடுத்தபோது அந்த மொழியைச் சரளமாகப் பேசியவர்கள் ஏறக்குறைய இருபது பேர்தான். நடித்தவர்களுக்கே மொழி தெரியாது. இரண்டு வாரம் முகாம் போட்டு, மூத்தவர்கள் ஒவ்வொரு ஒலியாகச் சொல்லிக்கொடுத்து வசனத்தை ஏற்றியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை ரீச்சர்:
தம்பி, கோடிக் கணக்கு கோத்தகிரிக்குச் சரி. என் வகுப்பில் 11 பேர்தான். பேச்சுப்போட்டிக்குத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். ‘ழ’ வரும் இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள் ஒருத்தி. உங்கள் முகாம் நடிகர்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்.

மொழிபெயர்ப்பு வேலை:
அக்கா, குனுக் 2019இல் எடுத்த ‘நோவா பியுகட்டுக்’ படத்தைப் பாருங்கள். 1961, அதே கப்புயிவிக். அரசாங்க ஆள் ஒருவர் வந்து, குடியிருப்புக்கு வாருங்கள், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்கிறார். நோவா மாட்டேன் என்கிறார். பெரும்பகுதி அந்த ஒரே பேச்சுத்தான், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். சண்டைக்காட்சிக்குப் பழகிய பிள்ளைகள் கொட்டாவி விடலாம். ஆனால் உபதலைப்பில் இரு பக்கமும் தெரிவதால், எது எப்படிப் போய்ச் சேருகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை ரீச்சர்:
நேற்றுப் போட்டேன். முதலில் அட்டனார்ஜுவட்டின் பெயர்ப்பட்டியல், பிறகு நோவாவில் 20 நிமிடம். இரண்டு பேர் மேசைக்குக் கீழே கைத்தொலைபேசியோடு இருந்தார்கள், அது வழமை.

வழக்கமாக வாயே திறக்காத பிள்ளை ஒருத்தி பாதியில் கையைத் தூக்கினாள். “ரீச்சர், அவர் முழுதையும் சொல்லவில்லை” என்றாள். யார் என்று கேட்டேன். நடுவில் இருப்பவராம். “அம்மம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போனால் நானும் அப்படித்தான் செய்வேன். டொக்டர் நிறையச் சொல்லுவார், நான் ‘ஒன்றுமில்லையாம்’ என்பேன்.” என்ன தமிழ்ச் சொற்கள் தெரியாமல் விட்டாய் என்று கேட்டு எழுத வைத்தேன். ‘வீக்கம்’, ‘இரத்த அழுத்தம்’, ‘பக்கவிளைவு’. பலகையில் 14 சொற்கள் சேர்ந்தன, அதில் இரண்டு எனக்கே தெரியாது.

தம்பி கோத்தகிரி, அந்த ஹைடா படம் எங்கே பார்க்கக் கிடைக்கும்?