ஆர்பி அனுபவங்கள்: கூலி கிடைக்காத கொத்தனாரும் ஒரு டிராகனும்

கொத்தன்மகன்:

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமில் ஆர்பி (ரோல்பிளே, கேரக்டராகவே பேசி நடித்து விளையாடுவது) சர்வர் பக்கம் ஒதுங்கியவர்களுக்குத் தெரியும். மனிதர்களின் தலைநகரான ஸ்டார்ம்விண்டில் மதுக்கடையில் உட்கார்ந்தால் பாதிப் பேர் லிச் கிங் என்ற பெரிய வில்லனைக் கொன்றவர்கள், மீதிப் பேர் டிராகனுக்குப் பிறந்தவர்கள். வாயைத் திறந்தால் லோர் (கேம் உலகத்தின் பின்கதை) முழுக்க ஒப்பித்துவிடுவார்கள். கேட்கிறவன் என்னதான் பதில் சொல்வான்? (கேரக்டர் விவரம் எழுதி வைக்க உதவும் டோட்டல் ஆர்பி 3 ஆட்-ஆனில் பக்கம் பக்கமாகச் சுயசரிதை எழுதி வைப்பவர்களைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும்.)

என் ஆள், அதாவது நான் நடிக்கும் கேரக்டர், ஒரு கொத்தனாரின் மகன். கதை தெரியாதவர்களுக்கு: முதல் போரில் ஓர்க்குகள் என்ற அரக்கர் இனம் ஸ்டார்ம்விண்டைத் தரைமட்டமாக்கியது. பிறகு எட்வின் வான்கிளீஃப் தலைமையில் கொத்தனார் சங்கம்தான் நகரத்தைத் திரும்பக் கட்டியது. கூலி கேட்டால் பிரபுக்கள் கையை விரித்துவிட்டார்கள். கலவரத்தில் கல்லடி பட்டு அரசி டிஃபின் இறந்தாள். வான்கிளீஃப் ஆட்கள் பக்கத்து வெஸ்ட்ஃபால் பகுதிக்கு ஓடி டிஃபையஸ் என்ற கொள்ளைக் கூட்டமானார்கள். இதற்கெல்லாம் பின்னால் இருந்தது சீமாட்டி வேடத்தில் அரண்மனைக்குள் புகுந்த ஆனிக்ஸியா என்ற கருப்பு டிராகன்.

ஒரு ராத்திரி ஒரு பாலடின் (புனித வீரன்) கேரக்டர்காரர் இந்த டிராகன் விஷயத்தை என் ஆளுக்குப் பொறுமையாக விளக்கினார். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அப்பனுக்குக் கூலி வராத வீட்டில் வளர்ந்தவன் அதை நம்புவானா? குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான் (டைப் செய்தது இங்கிலீஷில்தான், நம் வழக்கில் இப்படி வரும்): "கூலி குடுக்க மனசில்லாதவனுக்கு டிராகன் ஒரு சாக்கு. நீ இப்ப நிக்கிறது எங்கப்பன் அடுக்கின கல்லு மேலதான்யா."

பாலடினுக்குச் சுருக்கென்றது, கேரக்டருக்குத்தான். பக்கத்து மேசையில் சும்மா கேட்டுக்கொண்டிருந்த காவலர், "டிஃபையஸ் ஆளா நீ?" என்று எழுந்து வந்தார். அப்புறம் யாரும் திட்டம் போடவே வேண்டியிருக்கவில்லை. விசாரணை, ஜாமீனுக்கு அலைச்சல், பிரபு வீட்டுப் பிள்ளை ஒருவன் ரகசியமாகப் பழைய பாக்கியைத் தர முன்வந்தது என்று வாரக்கணக்கில் ஓடியது. என் ஆளுக்கு அரைகுறையாகத் தெரிந்ததால்தான் அத்தனை பேருக்கும் பேச இடம் கிடைத்தது.

கடைசிபஸ்:

நம்ம பசங்க நடத்துகிற ஒரு ஜிடிஏ 5 சிட்டியில் (ஆர்பி சர்வரை இப்படித்தான் சொல்வோம்) விளையாடுகிறேன். அங்கே லோர் என்றால் புத்தகத்தில் இல்லை, போன மாசம் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதுதான். ஒருவரைக் கடத்தி, கண்ணைக் கட்டி, ஊருக்கு வெளியே குடோனில் வைத்திருந்தோம். போலீஸ் நேராக அந்த வாசலில் வந்து நின்றது. "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" "ரோந்து வந்தோம்." எங்கள் பையன் ஒருவனின் லைவ் ஸ்ட்ரீமைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், பச்சையான மெட்டாகேமிங் (கேமுக்கு வெளியே தெரிந்துகொண்டதைக் கேரக்டருக்குத் தெரிந்ததாக வைத்து ஆடுவது).

மைக்கில் சண்டை வெடிக்கப்போகிறது என்று நினைத்தேன். எங்கள் கேங் தலைவர் மட்டும் குரலே மாறாமல், "நம்மள்ல ஒருத்தன் போட்டுக் குடுத்திருக்கான்டா" என்றார். அன்றிலிருந்து கேங்குக்குள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட ஆரம்பித்தோம். அந்த ஒற்றன் யார் என்று இன்றுவரை தெரியாது, ஏனென்றால் அப்படி ஒருவன் இல்லவே இல்லை! கிளிப் அட்மினுக்குப் போனது, அது வேறு கதை.

பூனைக்காது:

ஃபைனல் ஃபேன்டஸி 14 கேமில், பூனைக் காது வைத்த மிக்கோட்டே இனத்தில் சூரிய வழிக்காரர்கள் (Seekers of the Sun) என்ற பிரிவினரின் பெயருக்கு முன்னால் குலத்து எழுத்து வரும், ஆண் என்றால் பின்னால் டியா அல்லது நுன். புதுசாக வந்த பையன் இது எதுவும் தெரியாமல் தோன்றிய பெயரை வைத்திருந்தான். உடனே ஒரு லோர் போலீஸ் தனிச்செய்தியில் வந்து, பெயரை மாற்று, இல்லாவிட்டால் ஆர்பி பக்கம் வராதே என்று மிரட்டியிருக்கிறார். இந்த ஆட்களால்தான் பாதிப் பேர் ஓடுகிறார்கள்.

எங்கள் குழுவில் கிழவியாக விளையாடும் அக்கா அவனைப் பார்த்ததும் கேரக்டரிலேயே கேட்டார்: "குலத்து எழுத்தைக் காணோமே தம்பி, எங்க தொலைச்ச?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு டைப் செய்தான்: உல்டா (Ul'dah) நகரத்தில் ஒரு வியாபாரி தன்னைத் தெருவிலிருந்து எடுத்து வளர்த்தார், இது அவர் வைத்த பெயர்.

இப்போது தன் குலத்தைத் தேடுகிறான். தெற்குத் தானலான் பாலைவனத்தில் ஃபர்காட்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் யூ குலத்தார் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அங்கே கூட்டிப்போகச் சொல்லி ஒரே நச்சரிப்பு. சனிக்கிழமை ராத்திரி கிளம்புகிறோம். பாலைவன வழி, துணைக்கு யாராவது வருகிறீர்களா?