மதியமானால் ஹெச்.பி. ட்ரிப்: இரண்டு அவுட்டோரில் ஒன்று மட்டும் ஏன்?

மொட்டைமாடி_மதுரை:
வணக்கம். ஜவுளிக்கடை ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன், ஏசி வேலையும் என் தலையில்தான். 11 டன் டக்டபிள் ஏசி (குளிர்காற்று டக்ட் வழியாக வரும்), உள்ளே ஆர்410ஏ கேஸ். மாடியில் 5.5 டன் அவுட்டோர் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. காலையில் இரண்டும் ஓடும். மதியம் இரண்டு மணி ஆனால் 2-ஆம் நம்பர் ஹெச்.பி.யில் ட்ரிப், அதாவது உள்ளே பிரஷர் அதிகமாகி (ஹை பிரஷர்) ஸ்விட்ச் அதை நிறுத்திவிடும். ரீசெட் செய்தால் கால் மணி நேரம் தாங்கும், திரும்பவும் போய்விடும்.

ஏசி மெக்கானிக் வந்து காயிலைக் கழுவினார், ட்ரிப் நிற்கவில்லை. கேஸ் அதிகம் என்று இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார், அதற்கும் நிற்கவில்லை. டீ வாங்கி வரும் பையன் மக்கில் தண்ணீர் மொண்டு காயிலில் ஊற்றினால் மட்டும் ஓடுகிறது. முதலாளி இப்போது அவனை மாடியிலேயே உட்கார வைத்துவிட்டார். என்ன செய்யலாம்?

பழைய_ஆள்:
தம்பி, ஹெச்.பி. ஸ்விட்ச் வயரை ஷார்ட் பண்ணி விடுங்க. சீசன் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.

கேஜ்மணி:
அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அதை மட்டும் சொல்லாதீங்க. அந்த ஸ்விட்ச்தான் கம்ப்ரஸரையும் பக்கத்தில் நிற்கிற ஆளையும் காப்பாற்றுகிறது. அதை ஷார்ட் செய்து கம்ப்ரஸர் எரிந்த இடங்களுக்கு நானே போயிருக்கிறேன்.

மொட்டைமாடி சார், தண்ணீர் ஊற்றினால் ஓடுவதை வைத்து காயில் அழுக்கு என்று முடிவுக்கு வராதீர்கள். காரணம் எதுவானாலும் தண்ணீர் ஊற்றினால் பிரஷர் இறங்கத்தான் செய்யும். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: பக்கத்திலேயே அதே சைஸில் நல்ல யூனிட் ஓடுகிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் இவற்றை எடுங்கள்: டிஸ்சார்ஜ் பிரஷர் (கம்ப்ரஸரிலிருந்து வெளியே வருவது), சக்ஷன் பிரஷர் (கம்ப்ரஸருக்குள் போவது), லிக்விட் லைன் சூடு (காயிலில் திரவமான கேஸ் வெளியே வரும் பைப்), காயிலுக்குள் போகிற காற்றின் சூடு, ஆம்ப்ஸ். ஃபேன் சரியான பக்கம் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். ஃபேனின் கெப்பாசிட்டர் வீக்காக இருந்தாலும் மதிய வெயிலில் இதே கதைதான்.

மொட்டைமாடி_மதுரை:
இன்று 12 மணிக்கு எடுத்தேன். உள்ளே போகிற காற்று இரண்டுக்கும் 36 டிகிரி.
1-ஆம் நம்பர்: டிஸ்சார்ஜ் 410 பி.எஸ்.ஐ., சக்ஷன் 130, லிக்விட் லைன் 42 டிகிரி, 9.6 ஆம்ப்ஸ்.
2-ஆம் நம்பர்: டிஸ்சார்ஜ் 520, சக்ஷன் 115, லிக்விட் லைன் 43, 11.8 ஆம்ப்ஸ்.
ஃபேன் இரண்டும் ஒரே வேகம். கெப்பாசிட்டரை மாற்றிப் போட்டும் பார்த்தேன், வித்தியாசமில்லை. ட்ரிப் ஆகும்போது கேஜில் சரியாக 600. ஸ்விட்ச்மேல் 4.15 எம்.பி.ஏ. என்று போட்டிருக்கிறது.

கேஜ்மணி:
4.15 எம்.பி.ஏ. என்றால் ஏறக்குறைய 600 பி.எஸ்.ஐ. அப்படியானால் ஸ்விட்ச் பொய் சொல்லவில்லை, பிரஷர் உண்மையிலேயே ஏறுகிறது.

410 பி.எஸ்.ஐ.க்கு ஆர்410ஏ சார்ட்டில் 48 டிகிரி வரும், அந்த பிரஷரில் கேஸ் லிக்விட் ஆகும் சூடு அது. லிக்விட் லைன் 42, ஆக சப்கூலிங் (அந்தச் சூட்டுக்குக் கீழே லிக்விட் எவ்வளவு ஆறியிருக்கிறது என்பது) 6. நல்ல யூனிட். 520-க்கு 58 டிகிரி. லிக்விட் 43, சப்கூலிங் 15! பார்த்தவுடன் யாருமே கேஸ் அதிகம் என்றுதான் சொல்வார்கள், உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கேஸ் அதிகம் என்றால் சக்ஷனும் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். இங்கே 115 என்று படுத்துக் கிடக்கிறது. அது இடிக்கிறது.

ஒன்று கேட்கிறேன்: சமீபத்தில் இந்த லைனை யாராவது திறந்தார்களா?

மொட்டைமாடி_மதுரை:
ஜனவரியில் டிஸ்சார்ஜ் லைனில் லீக் இருந்தது, பிரேஸிங் (பற்றவைப்பு) வைத்தார்கள். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை போட்டுப் பார்த்தார்கள். லைனைக் காலி செய்யும் வாக்யூம் பம்ப் வேறு சைட்டில் இருக்கிறது என்று சொல்லி நைட்ரஜனைத் திறந்துவிட்டு கேஸ் ஏற்றியதாக ஞாபகம்.

கேஜ்மணி:
பிடிச்சாச்சு. நைட்ரஜன் உள்ளேயே இருக்கிறது. அது கண்டென்சரில் (அவுட்டோர் காயிலில்) லிக்விட் ஆகாது, மேலே இடத்தை அடைத்துக்கொண்டு கேஸின் பிரஷரோடு தன் பிரஷரையும் சேர்த்துக் காட்டும். அதனால் அந்த 58 டிகிரியும் பொய், சப்கூலிங் 15-ம் பொய்.

ஊர்ஜிதம் செய்ய: நாளை கடை திறக்கும் முன், இரவெல்லாம் நின்ற யூனிட்டில், உள்ளே வெளியே ஒரே சூடு இருக்கும்போது இரண்டிலும் கேஜ் போடுங்கள். 29 டிகிரி என்றால் ஏறக்குறைய 250 இருக்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு நிற்கிறதோ அது நைட்ரஜன் கணக்கு. நல்ல யூனிட்டிலும் போடுவது கேஜையே சோதிக்கத்தான்.

மொட்டைமாடி_மதுரை:
காலை 6.30, 29 டிகிரி. 1-ஆம் நம்பர் 248. 2-ஆம் நம்பர் 285.

பழைய_ஆள்:
மேல் வால்வில் கொஞ்சம் கொஞ்சமா விட்டா காற்று போயிடுமே. ஆர்22 (பழைய ஏசி கேஸ்) காலத்துல அப்படித்தான் செய்வோம்.

கேஜ்மணி:
போகும் அண்ணே, கூடவே கேஸும் போகும். எது எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே இரண்டு தடவை விட்டதில் கேஸ்தான் குறைந்திருக்கும், அந்த 115 சக்ஷன் அதனால்தான் என்பது என் கணிப்பு. புவி சூடாகும் கணக்கில் ஒரு கிலோ ஆர்410ஏ, 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதை வானத்துக்கு விடக்கூடாது.

கேஸை வெளியே விடாமல் சிலிண்டருக்கு இழுக்கும் ரிக்கவரி மெஷினில் முழுசா எடுங்கள். ஈரமும் தூசியும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றுங்கள். மைக்ரான் கேஜ் (வாக்யூமை அளப்பது) வைத்து 500-க்குக் கீழே வாக்யூம் இழுங்கள். பம்பை நிறுத்தியும் அது ஏறாமல் நிற்க வேண்டும். அப்புறம் பெயர்த்தட்டில் உள்ள எடைக்குத் தராசு வைத்து லிக்விடாக ஏற்றுங்கள், ஆர்410ஏ இரண்டு கேஸ் கலந்தது, ஆவியாக ஏற்றினால் கலவை விகிதம் மாறும். பைப் நீளத்துக்கு மேனுவலில் சொன்னதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

மொட்டைமாடி_மதுரை:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ரிக்கவரி மெஷின் கிடைக்கவே இரண்டு நாள் ஆனது. வெளியே எடுத்த கேஸைத் தராசில் வைத்தால் இருக்க வேண்டியதைவிட 300 கிராம் குறைவு. நீங்கள் சொன்னதுதான் சரி. வாக்யூம் 420 மைக்ரான், அரை மணி நேரம் அசையவில்லை.

இன்று மதியம் 2.30, வெளியே 38 டிகிரி. 1-ஆம் நம்பர் 432, 2-ஆம் நம்பர் 438. சக்ஷன் 131. இரண்டு நாளாக ட்ரிப் இல்லை. பையன் பழையபடி டீக்குப் போகிறான், பக்கெட்டை மட்டும் முதலாளி இன்னும் மாடியிலிருந்து இறக்கவிடவில்லை.