வலை விஞ்ச் கடிதம்: புதுப்பிப்பு

நிலாவெளிப் பக்கத்துப் படகுகளுக்கு நான் செய்து கொடுக்கும் வலை இழுக்கும் விஞ்ச் தங்கள் ஆக்கவுரிமையை (பேட்டன்ட்) மீறுகிறது, 14 நாளில் நிறுத்து என்று ஒரு நிறுவனம் கடிதம் போட்டது, என்ன செய்வதென்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முதலில் கடிதத்தில் உள்ள ஆக்கவுரிமை இலக்கம் எந்த நாட்டுடையது என்று பார் தம்பி" என்று ஒரு அண்ணா எழுதியதுதான். பார்த்தால் இந்திய இலக்கம். ஆக்கவுரிமை கொடுத்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தேடியதில் அவர்கள் பெயரில் ஒன்றுமே இல்லை. சட்டத்தரணி இரண்டே பந்தியில் பதில் அனுப்பினார், அப்புறம் சத்தமே இல்லை. (பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்த கடிதத்தில் இப்போது கிரீஸ் கறை.)

எதிர்பாராதது ஒன்று: இதே விஞ்சை இந்தியாவுக்கு விற்றால் அங்கே மாட்டுவேனாம். இன்னொன்று, நான் மாற்றிய கிளட்ச் புதிதாக இருக்கிறது, நீயே ஆக்கவுரிமைக்கு விண்ணப்பி என்றார் சட்டத்தரணி. படத்தை முகநூலில் போட்டுவிட்டேனே என்றேன். இலங்கையின் 2003 புலமைச் சொத்துச் சட்டப்படி நாமே வெளியிட்டதிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் சரியாம், ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. படம் போட்டு எட்டு மாதம், அதனால் இப்போது ஓட்டம்.